நாடகம் நன்றாக ஓடுகிறது, பந்தயக் கார் மட்டும் குதிப்பது ஏன்?

கடைசிச் சுற்று. முன்னால் ஓடிய கார் வளைவில் திரும்பாமல் நேராகச் சுவருக்குள் புகுந்து, மறுவினாடி பத்து மீட்டர் தள்ளிச் சாலையில் மீண்டும் முளைக்கிறது. கொஞ்ச நேரத்தில் தொடர்பே அறுந்து, பையன் விளையாட்டின் முதல் பக்கத்துக்குத் தள்ளப்படுகிறான். "மா, லைன் சரியில்ல மா!" என்று கூடத்திலிருந்து குரல் வரும். "லைன் நல்லாத்தான் இருக்கு, நான் நாடகம் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்?" என்று அடுப்படியிலிருந்து பதில் வரும். ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, பூலாவ் செபாங் என்று பிஎஸ்4, பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் இருக்கும் வீடுகளுக்கு இந்த வாக்குவாதம் புதிதல்ல.

இதில் அம்மா சொல்வதும் உண்மை, பையன் சொல்வதும் உண்மை. நாடகமும் பந்தயமும் ஒரே லைனில் வந்தாலும் அதைப் பயன்படுத்தும் விதம் வேறு. தண்ணீர் வரும்போதே தொட்டியில் பிடித்து வைத்துக்கொண்டால், இடையில் குழாய் நின்றாலும் குளித்துவிடலாம். யூடியூப்பும் நாடகச் செயலிகளும் அப்படித்தான். அடுத்து வரப்போகும் படத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்கின்றன. இணையப் பந்தயத்துக்குத் தொட்டி கிடையாது. எதிராளி இந்தக் கணத்தில் எந்தப் பக்கம் திருப்பினார் என்பதை முன்கூட்டியே பிடித்து வைக்க முடியாது. குழாயில் வாய் வைத்துக் குடிப்பவருக்கு அரை வினாடி தண்ணீர் நின்றாலும் தெரிந்துவிடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் விளங்கும். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார் ஒரு வினாடியில் ஏறக்குறைய 55 மீட்டர் கடக்கிறது. செய்தி வந்துசேர 100 மில்லிவினாடி, அதாவது வினாடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமானால், கார் அதற்குள் ஐந்தரை மீட்டர் முன்னே போயிருக்கும். அது ஒரு காரின் நீளத்தைவிட அதிகம். செய்தி வராத இடைவெளியில் கன்சோல் சும்மா இருப்பதில்லை. கடைசியாகத் தெரிந்த திசையையும் வேகத்தையும் வைத்து, எதிராளியின் கார் இப்போது இங்கே இருக்கும் என்று ஊகித்துத் திரையில் ஓட்டிக்காட்டுகிறது. உண்மைச் செய்தி வந்ததும் ஊகம் பொய்யென்று தெரிந்து, காரைச் சரியான இடத்துக்கு இழுத்துப் போடுகிறது. கார் குதிப்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

இதில் வம்பும் உண்டு. தன் திரையில் யாரையும் தொடாமல் ஓட்டும் பையன், எதிராளியின் திரையில் பக்கவாட்டில் இடித்துத் தள்ளியவனாகத் தெரியலாம். கிரான் டூரிஸ்மோ 7 போன்ற விளையாட்டுகளில் ஓட்டும் ஒழுக்கத்துக்கே தனி மதிப்பீடு உண்டு. லைன் செய்த தப்புக்குப் பையனின் மதிப்பீடு இறங்குகிறது. வெளியே யாரோ அவனை 'அழுக்கு ஓட்டுநர்' என்று திட்டுகிறார்கள்.

அடுத்து நடப்பது பெரும்பாலும் பணச்செலவு. 100 எம்பிபிஎஸ் திட்டம் 300 ஆகிறது. அல்லது 'கேமிங்' என்று பெட்டியில் அச்சடித்த ரூட்டர் ஒன்று வீட்டுக்கு வருகிறது. அதற்குப் பிறகும் கார் குதிக்கிறது. பந்தயம் ஓடும்போது பயன்படும் தரவு மிகக் குறைவு. 5 எம்பிபிஎஸ் கிடைத்தாலும் தாராளம். அங்கே வேண்டியது வேகமல்ல, சீர். மாதாமாதம் கூடுதல் ரிங்கிட் கட்டுவதற்கு முன், கோளாறு எங்கே இருக்கிறது என்று அரை மணி நேரம் செலவழித்துப் பார்ப்பது நல்லது.

எந்தக் கோளாறுக்கு எந்த முகம்

முதலில் திரையைக் கவனிக்க வேண்டும். மற்றவர்களின் கார்கள் மட்டும் குதித்து, சொந்தக் காரும் சாலையும் மழமழவென்று ஓடினால் அது தொடர்புக் கோளாறு. சொந்தக் கார், மரங்கள், சாலை என்று எல்லாமே சேர்ந்து திக்கித் திக்கி ஓடினால் கன்சோலில் கோளாறு. எதுவும் திக்கவில்லை, எதுவும் குதிக்கவில்லை, ஆனால் பொத்தானை அழுத்திய பிறகு கார் சோம்பேறித்தனமாகத் திரும்புகிறது என்றால், குற்றவாளி பெரும்பாலும் தொலைக்காட்சி.

சந்தேகம் தீரவில்லையா? அதே தடத்தில், அதே காரை வைத்துக்கொண்டு, கணினி ஓட்டும் கார்களுடன் மட்டும் ஒரு பந்தயம் ஓட்டிப் பார்க்கலாம். அங்கே வேறு விளையாட்டாளர் யாரும் இல்லை. அங்கும் திக்கினால் லைனைக் குறை சொல்வதில் பொருளில்லை.

தொலைக்காட்சி விஷயம் சுலபமானது. நவீனத் தொலைக்காட்சிகள் படத்தை அழகுபடுத்துவதற்காக ஒவ்வொரு காட்சியையும் சற்று நேரம் பிடித்து வைத்துக்கொள்கின்றன. நாடகத்துக்கு அது பரவாயில்லை, பந்தயத்துக்கு ஆகாது. அமைப்பில் 'கேம் மோட்' என்று இருப்பதை இயக்கினால் பெரும்பகுதி தாமதம் போய்விடும். காசு செலவில்லாத இந்த வேலையைச் செய்யாமலேயே பலர் லைனை மாற்றுகிறார்கள்.

கன்சோலுக்கு மலாக்கா வெயில்

பிஎஸ்5 இயங்க ஏற்ற வெப்பநிலை 5 முதல் 35 டிகிரி வரை என்று தயாரிப்பாளரான சோனி குறிப்பிடுகிறது. தகரக் கூரை வீட்டில் பிற்பகல் இரண்டு மணிக்கு, கதவு மூடிய தொலைக்காட்சி அலமாரிக்குள் இருக்கும் கன்சோல் எந்த வெப்பத்தில் இயங்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சூடு ஏறினால் விசிறி இரைச்சல் போடும், ஆட்டம் திக்கும், கடைசியில் எச்சரிக்கை காட்டிவிட்டு அணைந்துவிடும். சுவரிலிருந்து குறைந்தது 10 சென்டிமீட்டர் தள்ளி, திறந்த இடத்தில் வைக்க வேண்டும். செம்மண் சாலையோர வீடுகளில் காற்றுத் துளைகளில் தூசி சீக்கிரம் அடைக்கும். கன்சோலை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, வெளிப்பக்கமாக மெதுவாக உறிஞ்சி எடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அடுத்தது இடநெருக்கடி. கிரான் டூரிஸ்மோ 7 மட்டும் 100 ஜிபிக்கு மேல் பிடிக்கும். பிஎஸ்4 புதுப்பிப்பை இறக்கும்போது, விளையாட்டின் அளவுக்கு ஏறக்குறைய இன்னொரு மடங்கு காலியிடம் கேட்கும் பழக்கம் உள்ளது. ஆடாத விளையாட்டுகளை நீக்கி இடம் விட வேண்டும். பிஎஸ்5 விளையாட்டுகளை யூஎஸ்பி வன்தட்டில் சேமித்து வைக்கலாமே தவிர, அதிலிருந்து நேராக ஓட்ட முடியாது.

இவ்வளவுக்கும் பிறகு கன்சோல் மந்தமாக இருந்தால் 'சேஃப் மோட்' இருக்கிறது. அணைத்திருக்கும் பிஎஸ்4 அல்லது பிஎஸ்5-இன் மின்பொத்தானை, இரண்டாவது 'பீப்' சத்தம் கேட்கும்வரை ஏழு வினாடிபோல் அழுத்திப் பிடிக்க வேண்டும். கட்டுப்பாட்டுக் கருவியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து, ஐந்தாவது தேர்வான தரவுத்தளச் சீரமைப்பைச் செய்யலாம். அது விளையாட்டுகளையோ சேமிப்பையோ அழிக்காது. ஆறும் ஏழும் அப்படியல்ல, எல்லாவற்றையும் துடைத்துவிடும். அவசரத்தில் விரல் தவறக் கூடாது.

மூன்று சுவர்களுக்குப் பின்னால் ஒரு படுக்கையறை

தாமான் வீடுகளில் ஃபைபர் கம்பி முன்கூடத்துக்கு வரும். ரூட்டர் அங்கேயே தொலைக்காட்சிக்குப் பின்னாலோ, சாமி மேடைக்குப் பக்கத்திலோ உட்கார்ந்திருக்கும். பையனின் அறை கடைசியில், மூன்று கல் சுவர்களுக்கு அப்பால். இதைச் சோதிக்க ஒரு நல்ல வழி உண்டு. கைப்பேசியில் 'பிங்' சோதனைச் செயலி ஒன்றை இறக்கி, கன்சோல் இருக்கும் இடத்தில் நின்றுகொண்டு, ரூட்டரின் சொந்த முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1) நூறு முறை பிங் அனுப்ப வேண்டும். வீட்டுக்குள்ளேயே போய்வரும் செய்தி இது. பத்து மில்லிவினாடிக்குள் சீராக வந்தால் வைஃபை நலம். 4, 6, 180, 5, 240 என்று தாவினால் கோளாறு வீட்டுக்குள்தான். எந்த நிறுவனத்துக்கு மாறினாலும், எவ்வளவு பெரிய திட்டம் எடுத்தாலும் அந்தச் சுவர்கள் அங்கேயேதான் நிற்கும்.

வைஃபை இரண்டு அலைவரிசைகளில் வருகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரைத் துளைக்கும். ஆனால் பக்கத்து வீட்டு ரூட்டர்கள், மைக்ரோவேவ் அடுப்பு, புளூடூத் எல்லாம் அதே வரிசையில் நெரிசல் செய்யும். 5 கிகாஹெர்ட்ஸ் நெரிசல் குறைந்தது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். இங்கே பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. 2013-இல் வந்த முதல் வகை பிஎஸ்4-க்கு 5 கிகாஹெர்ட்ஸ் பிடிக்கவே தெரியாது. 2016-இல் வந்த ஸ்லிம், புரோ வகைகளுக்குத்தான் அது வந்தது. பழைய பிஎஸ்4-ஐக் கைமாற்றாக வாங்கிய வீட்டில், பந்தயத்துக்கென்று விலை உயர்ந்த ரூட்டர் வாங்கி வைப்பதால் பயன் குறைவு.

சிறந்த மருந்து பழைய மருந்துதான், ஒரு லான் கேபிள். கேட் 5இ அல்லது கேட் 6 வகையில் பதினைந்து மீட்டர் கேபிளைச் சுவரோரமாக ஆணியடித்து இழுத்துவிட்டால் தாவல் நின்றுவிடும். மாதாமாதம் கட்டும் கூடுதல் கட்டணத்தோடு ஒப்பிட்டால் இது ஒருமுறை செலவு. வாடகை வீட்டில் ஆணி அடிக்க முடியாதென்றால், பந்தய நாளுக்கு மட்டும் தரையில் இழுத்துவிட்டுச் சுருட்டி வைக்கலாம். பாட்டி தடுக்கி விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேபிள் போட்ட பிறகும் இரவில் மட்டும் குதிக்கிறதா? வீட்டில் யார் எதை மேலேற்றுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். திருமணத்துக்குப் போய்வந்த அக்காவின் கைப்பேசி முந்நூறு படங்களைத் தானாகச் சேமிப்பகத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். வாசல் கேமரா இருபத்து நான்கு மணி நேரமும் படம் அனுப்பிக்கொண்டிருக்கும். ஏற்றும் பாதை நிரம்பிவிட்டால் பந்தயத்தின் சிறு செய்தியும் வரிசையில் நின்றுதான் போக வேண்டும். கன்சோலே பின்னணியில் வேறு விளையாட்டை இறக்கிக்கொண்டிருப்பதும் உண்டு.

'டிஎன்எஸ் எண்ணை மாற்று, பிங் குறையும்' என்று நண்பர்கள் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. அது முகவரிப் புத்தகம் மாதிரி. உள்ளே நுழையும்போது முகவரி கண்டுபிடிக்க உதவும், ஓட்டத்தின் நடுவே அதற்கு வேலையில்லை.

நண்பர்களின் அறைக்குள் நுழையவே முடியவில்லை, குரல் மட்டும் கேட்கவில்லை என்றால் அது வேறு கோளாறு. பிஎஸ் கன்சோலின் இணையச் சோதனையில் 'நாட் வகை 3' என்று வந்தாலோ, எக்ஸ்பாக்ஸில் 'ஸ்டிரிக்ட்' என்று வந்தாலோ, மற்றவர்களின் கன்சோல்கள் இந்த வீட்டுக் கன்சோலை நேராகத் தொட முடியவில்லை என்று பொருள். நிறுவனம் கொடுத்த ரூட்டருக்குப் பின்னால் இன்னொரு ரூட்டரைச் சொந்தமாக மாட்டிய வீடுகளில் இது அதிகம். இரண்டாவதை 'ஆக்சஸ் பாயிண்ட்' முறைக்கு மாற்றி, முதலாவதில் 'யூபிஎன்பி' வசதியை இயக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

செம்பனைக்கு நடுவே ஒரு சிம் கார்டு

தோட்டத்துக் கதை வேறு. கம்பி வராத லயங்களில் சிம் கார்டு போட்ட ரூட்டர்தான் இணையம். இங்கே லான் கேபிள் பாதி மருந்துதான், மீதி ஆகாயத்தில் இருக்கிறது.

செம்பனை ஓலைகள் அலையை உறிஞ்சும். தகரக் கூரை அதைத் தடுக்கும். ரூட்டரை கோபுரம் இருக்கும் திசையிலுள்ள சன்னலில், முடிந்தவரை உயரமாக வைக்க வேண்டும். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'ஆர்எஸ்ஆர்பி' என்று ஓர் எண் இருக்கும். மைனஸ் 80-க்கு அருகில் இருந்தால் நன்று, மைனஸ் 110-ஐத் தொட்டால் பந்தயத்தை மறக்கலாம். ரூட்டரை அரை மீட்டர் நகர்த்தினாலே இந்த எண் மாறும். பெட்டியை எடுத்துக்கொண்டு வீடெல்லாம் சுற்றுவது பார்ப்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம், ஆனால் பலன் உண்டு. பழைய 3ஜி மோடம் வைத்திருப்பவர்கள் அதை ஒதுக்கிவிடலாம். மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியோடு முடிவுக்கு வந்தது.

காலையில் நன்றாக ஓடி, இரவு எட்டு மணிக்கு மேல் மட்டும் படுத்துவிட்டால், அது கோபுரத்து நெரிசல். ஒரே கோபுரத்தை முழுத் தோட்டமும் பக்கத்துக் கம்போங்கும் பகிர்ந்துகொள்கின்றன. அதற்கு வீட்டில் மருந்தில்லை. போட்டியை விடுமுறை நாள் காலைக்கு மாற்றிக்கொள்ளலாம், அல்லது வேறு நிறுவனத்தின் முன்கட்டண சிம்மை ஒரு வாரம் போட்டு ஒப்பிடலாம். கைப்பேசிக்கென்று விற்ற 'வரம்பில்லா' சிம்மை மோடத்தில் போட்டால் வேகம் குறைக்கப்படும் திட்டங்கள் உண்டு. நிபந்தனையைப் படித்த பிறகு வாங்குவது நல்லது. 100 ஜிபி விளையாட்டை அந்தச் சிம்மில் இறக்குவதைவிட, கன்சோலைப் பையில் போட்டுக்கொண்டு பட்டணத்து அத்தை வீட்டுக்கு ஒரு ராத்திரி போய்வருவது மலிவு.

கைப்பேசி இணையத்தில் இன்னொரு சிக்கல், ஒரே வெளி முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்வது. ரூட்டர் காட்டும் வெளி முகவரி 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையிலோ தொடங்கினால் அந்த நிலைதான். வீட்டில் எந்த அமைப்பை மாற்றினாலும் நாட் கோளாறு தீராது. நிறுவனத்திடம் பொது முகவரி கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

இதில் உறுத்தும் விஷயம் ஒன்று இருக்கிறது. தென்கிழக்கு ஆசியாவை மத்தியக் கிழக்கு வழியாக மேற்கு ஐரோப்பாவுடன் இணைக்கும் சீ-மீ-வீ 4 கடலடிக் கம்பி 2005-இல் சேவைக்கு வந்தது. அது மலேசியாவில் கரையேறும் இடங்களில் ஒன்று மலாக்கா. 2016-இல் முடிந்த சீ-மீ-வீ 5-உம் மலாக்காவில் கரையேறுகிறது. நீரிணைக்கு அப்பால் சுமத்ராவின் டுமாயிலிருந்து வரும் கம்பியும் இங்கேதான் வருகிறது. உலகத்தின் பேச்செல்லாம் வந்து இறங்கும் கரையிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் லயத்தில், பையனின் கார் சுவருக்குள் போகிறது. அரசாங்கம் 2020-இல் தொடங்கிய ஜெண்டேலா திட்டம், மக்கள் வாழும் பகுதிகளில் 4ஜி பரப்பை 96.9 விழுக்காட்டுக்கும், சராசரி கைப்பேசி இணைய வேகத்தை 35 எம்பிபிஎஸ்ஸுக்கும் உயர்த்த இலக்கு வைத்தது. நல்ல இலக்குதான். ஆனால் அவை பரப்புக்கும் வேகத்துக்குமான கணக்கு. பந்தயம் ஓட்டும் பையனுக்கும், இணைய வகுப்பில் ஆசிரியரின் குரல் அறுந்து அறுந்து கேட்கும் அவன் தங்கைக்கும் வேண்டிய சீர் அந்த எண்களில் தெரியாது.

எதிராளி எங்கே, சர்வர் எங்கே

தூரத்தை யாராலும் குறைக்க முடியாது. கண்ணாடிக் கம்பியில் ஒளி வினாடிக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். மலாக்காவிலிருந்து தோக்கியோ 5,000 கிலோமீட்டருக்கு மேல். போய்வர 50 மில்லிவினாடிக்குக் குறையாது. லண்டனுக்கு அதைப்போல் இருமடங்கு. சிங்கப்பூருக்கு இரண்டு மூன்று மில்லிவினாடிதான். அறையைத் தேர்ந்தெடுக்க முடிகிற விளையாட்டில் மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா, தாய்லாந்து விளையாட்டாளர்கள் இருக்கும் அறையில் சேர்வது நல்லது. ஐரோப்பியர் நிறைந்த அறையில் எவ்வளவு விலை உயர்ந்த ரூட்டரும் தோற்கும்.

சில நாள் கோளாறு மலாக்காவிலேயே இருக்காது. 2022 மார்ச் மாதம் வெளிவந்து இரண்டு வாரமே ஆன கிரான் டூரிஸ்மோ 7, ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு உலகம் முழுவதும் 30 மணி நேரத்துக்கு மேல் முடங்கியது. தனியாக ஓட்டும் பகுதிக்கும் இணையம் கட்டாயம் என்பதால், காசு கொடுத்து வாங்கியவர்கள் பெரும்பகுதியைத் திறக்கவே முடியவில்லை. 2025 பிப்ரவரி 8, தைப்பூசத்துக்கு முந்தைய சனிக்கிழமை, பிளேஸ்டேஷன் சேவை முழுவதும் ஏறக்குறைய ஒரு நாள் படுத்தது. சந்தாதாரர்களுக்கு ஐந்து நாள் கூடுதலாகக் கொடுத்து சோனி ஈடுசெய்தது. அப்படிப்பட்ட நாளில் ரூட்டரைக் கழற்றி மாட்டுவதும், தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்புவதும் இருந்ததையும் கெடுக்கும். கன்சோல் நிறுவனத்தின் சேவை நிலைப் பக்கத்தைக் கைப்பேசியில் முதலில் பார்த்துவிட வேண்டும்.

வீட்டுக்குள் எல்லாம் சரி, சர்வரும் சரி, ஆனாலும் ரூட்டரிலிருந்து வெளியே போகும் பிங் தாவுகிறது என்றால் புகார் செய்ய வேண்டிய நேரம். ஃபைபர் பெட்டியில் 'லாஸ்' விளக்கு சிவப்பாக எரிந்தால் கம்பி அறுந்திருக்கலாம் அல்லது கழன்றிருக்கலாம். அதற்கு ஆராய்ச்சி தேவையில்லை, உடனே அழைக்கலாம். மற்றவற்றுக்கு, கன்சோலையோ கணினியையோ ரூட்டரில் லான் கேபிளால் இணைத்து, ஒரு வாரம் காலை, பிற்பகல், இரவு மூன்று வேளையும் எடுத்த அளவுகளைத் தேதி, நேரத்தோடு படம் பிடித்து வைக்க வேண்டும். "ஸ்லோவா இருக்கு" என்று சொல்லும் வாடிக்கையாளருக்கு, ரூட்டரை அணைத்துப் போடுங்கள் என்ற பதில்தான் கிடைக்கும். இரவு ஒன்பதுக்கு 30-லிருந்து 400-க்குத் தாவுகிறது, ஏழு நாளும் இப்படித்தான் என்று எண்ணோடு வருபவரை அப்படி அனுப்பிவிட முடியாது. சேவை நிறுவனத்திடம் முதலில் புகார் செய்து எண் வாங்கி, பலனில்லையென்றால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தை 1-800-188-030 என்ற எண்ணில் அணுகலாம். கம்பியே வராத தோட்டமென்றால், தோட்டம் தனியார் நிலம் என்பதால் கம்பம் நட நிர்வாகத்தின் சம்மதமும் வேண்டும். ஒரு வீடு தனியாகக் கேட்பதைவிட லயத்து வீடுகள் எல்லாம் கையெழுத்திட்டு, ஒரு பிரதியைத் தோட்ட அலுவலகத்திலும் இன்னொன்றைச் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.